கடைசி இரண்டு வரி

ஜெராக்ஸக்காவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் வீட்டுக்காரரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வயது? "அம்பத்தொம்பது." சர்க்கரை? "அதெல்லாம் இல்ல. பிரஷருக்கு மட்டும் காலையில ஒரு மாத்திரை." கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்? "நேத்து எட்டு மணிக்கு. நான்தான் ஊட்டிவிட்டேன்." நர்ஸும் கட்டிலில் படுத்திருந்தவளை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே போனாள். பல் ஏதாவது ஆடுகிறதா என்ற கேள்விக்கு மட்டும் அவர் கொஞ்சம் திணறினார். திணறிவிட்டு, "ஆடுறதா இருந்தா சொல்லியிருப்பாளே" என்று அதையும் முடித்துவைத்தார்.

முப்பத்துநாலு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் கையில் ஸ்டியரிங் இல்லாத குறைக்கு, எதிரில் யார் இருந்தாலும் அவர்களைத் திருப்பவேண்டிய பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பத்து நாளாக மனைவிக்குத் தலை சீவிவிடுவது, சோறு ஊட்டுவது, கொக்கி மாட்டிவிடுவது எல்லாம் அவர்தான். தெருவே பார்த்து மூக்கில் விரல் வைத்தது. அவர் சீவிவிட்ட பின்னலைப் பார்த்தும்தான்.

ஜெராக்ஸக்காவுக்கு எலும்பு முறிந்த கதையும் தெருவுக்குத் தெரியும். கடையின் மேல்தட்டிலிருந்து காகிதக் கட்டை எடுக்க ஸ்டூல் மேல் ஏறியவள், வாடிக்கையாளர் ஒருவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன வாடகை ஒப்பந்தத்தை அங்கிருந்தபடியே எட்டிப் படித்திருக்கிறாள். மூன்றாம் பக்கத்தைப் புரட்டக் கை நீட்டியபோது ஸ்டூல் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு இரண்டாக. அவள் சொல்லும் கதையில் அந்த ஒப்பந்தம் கிடையாது, ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அதை யார் நம்புவார்கள்? இருபத்தாறு வருடமாக அவள் கடைக்குப் போன எந்தக் காகிதமும் படிக்கப்படாமல் திரும்பியதில்லை. கண்ணாடிமேல் தாளைக் கவிழ்க்கும் முன்பு மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டிவிடுவாள். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் பாகப்பிரிவினை, யாருடைய மார்க் ஷீட்டில் எத்தனை, எல்லாம் நமக்கெல்லாம் தெரிந்தது அவள் மூலமாகத்தான். தெரிந்துகொண்டு, 'இந்தம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை' என்று திட்டிக்கொண்டும் இருப்போம்.

அப்படிப்பட்டவள் இன்று காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மாவுக்கட்டு போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அறுவைக்கு அழைத்துப்போகும் முன் நோயாளிகளைப் படுக்கவைக்கும் அந்த நீள அறையின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற மகள் அதைப் பயம் என்று நினைத்தாள்.

"எதுக்கும்மா பயப்படுற? ஒரு ஊசி. தூங்கிடுவ. எழுந்திரிக்கிறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். உனக்கு ஒண்ணுமே தெரியாது."

"அதான்" என்றாள் ஜெராக்ஸக்கா.

"எது?"

அதற்குள் மயக்க டாக்டர் வந்துவிட்டாள். பச்சைத் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு, மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசிய முதல் ஆள் அவள்தான் என்பதை ஜெராக்ஸக்கா குறித்துக்கொண்டாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னாள். கீழ்ப் பல் ஒன்றை விரலால் தொட்டு, "இது லேசா ஆடுது" என்று எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரர் அந்தப் பல் தனக்குத் துரோகம் செய்துவிட்டதைப்போலப் பார்த்தார்.

"தூங்குறப்ப குறட்டை விடுவீங்களாம்மா?"

இந்தக் கேள்விக்காகவே கல்யாணம் ஆனதிலிருந்து காத்திருந்தவர்போல அவர் நிமிர்ந்தார். "குறட்டையா? டாக்டரம்மா, மேடு ஏறுற லாரி தோத்துடும். பக்கத்து வீட்டுக்காரன் ஒருநாள் வந்து, என்ன சார் மிக்சி புதுசான்னு கேட்டான்."

"பொய்யி. இவரு விடுறத என் தலையில கட்டுறாரு."

"அம்மா, என் போன்ல ரெக்கார்டே இருக்கு" என்றாள் மகள்.

"நீ வாய மூடுடி."

டாக்டர் சிரிக்கவில்லை. "காரணமாத்தான்மா கேக்கறேன். குறட்டை பெருசா இருந்து, நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா, முழுசாத் தூங்கவைக்கிறப்ப நாங்க கூடுதல் கவனமா இருக்கணும். அந்த மாதிரி ஆளுங்களுக்கு முடிஞ்சவரைக்கும் கைய மட்டும் மரக்கவெச்சுப் பண்றதுதான் எனக்குப் பிடிக்கும்."

ஜெராக்ஸக்கா தலையைத் திருப்பினாள். "கைய மட்டும் மரக்கவைக்கலாமா?"

"ஏன் முடியாது?"

"நான் முழிச்சிருப்பேனா?"

"முழிச்சிருக்கலாம். வேணும்னா லேசாத் தூக்கம் வர்ற மருந்து தரலாம். வேணாம்னா வேணாம்."

பிறகு டாக்டர் சொன்னதை ஜெராக்ஸக்கா, கடைக்கு வந்த உயிலைப் படிப்பதுபோல வரி விடாமல் கேட்டாள். முழு மயக்கம் என்பது வெறும் தூக்கமில்லை. தட்டினால் எழுந்துகொள்ள முடியாத நிலை. தொண்டையில் குழாய் வைத்து, மூச்சைக்கூட நாங்கள் பார்த்துக்கொள்வோம். வயிறு, நெஞ்சு என்று பெரிய வேலைகளுக்குப் பல சமயம் அதுதான் வழி. இடுப்புக்குக் கீழே வேலை என்றால் முதுகில் ஓர் ஊசி போதும், கால் இரண்டும் மரத்துவிடும். கைக்கு அது உதவாது. கைக்குப் போகிற நரம்புகள் எல்லாம் இந்தக் காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டாக இறங்குகின்றன. ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, அந்தக் கட்டைச் சுற்றி மருந்தை விட்டால் தோளுக்குக் கீழே கை முழுக்க உணர்ச்சி போய்விடும். அரைமணி நேரம் ஆகும். நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் அபூர்வமாக அங்கே ஊசி பட்டுவிடும் ஆபத்து உண்டு. சில பேருக்கு மருந்து சரியாகப் பிடிக்காமலும் போகலாம். எது யாருக்கு என்பதை, வேலை எங்கே, எவ்வளவு நேரம், இதயம் எப்படி, மூச்சு எப்படி, முன்னால் மயக்கம் கொடுத்தபோது என்ன ஆனது என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

"அப்புறம், உங்களுக்கு எது வேணும்ங்கறதும் அதுல ஒண்ணு" என்றாள் டாக்டர்.

ஜெராக்ஸக்கா முப்பத்துச் சொச்சம் வருடமாக எந்த நீதிமன்றத்திலும் ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டாள்.

"குறட்டை விடுவேன் டாக்டர். நல்லாவே விடுவேன். மூச்சு நின்னு நின்னுதான் வரும். ஏய், அந்த ரெக்கார்டப் போட்டுக் காட்டுடி."

மகள் போட்டுக் காட்டினாள். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க அறுவைக்குக் காத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

டாக்டர் ஃபைலைத் திறந்தாள். ஒரு தாளில் நின்றாள். "ஆனா இதுல முழு மயக்கம்னு போட்டிருக்கே. கையெழுத்தும் ஆயிருக்கு."

"யாரு கையெழுத்து?"

வீட்டுக்காரர் கட்டிலின் இரும்புக் கம்பியை, கியரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். "காலையில கவுன்ட்டர்ல கேட்டாங்க. உனக்குத்தான் வலது கை ஒடைஞ்சிருக்கே, எப்படிப் போடுவ? எலும்பு டாக்டரும் முழு மயக்கம்தான் சௌரியம்னாரு. நீ எதுக்கு முழிச்சிருந்து அந்த டிரில் சத்தத்தயெல்லாம் கேட்டுக்கிட்டு... உன் நல்லதுக்குத்தான்."

"அந்தப் பேப்பரக் குடுங்க."

"அதெல்லாம் எல்லாருக்கும் போடுறதுதான்மா" என்றாள் நர்ஸ்.

"குடும்மா. நான் பேப்பர் படிக்கிறவ."

இடது கையால் வாங்கினாள். இந்த இடத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி தெரியாமல் தப்பான ஆளிடம் மாட்டிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் எழுத்தைப் படித்திருப்பார்கள். இவள் முதலில் தாளைப் படித்தாள். எழுத்துகள் தடித்து, வயிறு அடைபட்டிருந்தன. அசலிலிருந்து எடுத்தது இல்லை, நகலின் நகலின் நகல். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு. எடுத்த மெஷினின் கண்ணாடியில் கீறல். தாள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. 'நோயாளி கையெழுத்திட இயலாத நிலையில்' என்ற கட்டத்தில் ஒரு டிக், பக்கத்தில் 'வலது கை எலும்பு முறிவு'. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து, டிரிப் ஷீட்டில் போட்டுப் போட்டுப் பழகிய, வாலை நீட்டி இழுத்த கையெழுத்து. அதற்கும் கீழே, தாள் முடிகிற விளிம்பில், வரிசையாகச் சில புள்ளிகள். நடுநடுவே கொம்பு முளைத்ததுபோலச் சுழிகள்.

"இதுக்குக் கீழ ஒண்ணு ரெண்டு வரி இருந்திருக்கு" என்றாள்.

"என்னம்மா?"

"இது எழுத்தோட தலைம்மா. புள்ளி தனியா நிக்குமா? கீழ ஒரு க்-கோ ம்-மோ இருந்திருக்கணும். எவனோ தாள சரியா வைக்காம எடுத்திருக்கான். வெட்டுப்பட்டதையே வெச்சுத் திருப்பித் திருப்பி எடுத்திருக்கீங்க. இதோட அசல் எங்க?"

நர்ஸுக்குத் தெரியாது. டாக்டர் வாங்கிப் பார்த்தாள். நாள்தோறும் கையில் எடுக்கிற தாள். முகத்தில் மெதுவாக ஒரு வெட்கம் ஏறியது. "நான் இதக் கவனிச்சதே இல்ல" என்றாள். "அது இருக்கட்டும்மா. நீங்க நினைவோட இருக்கீங்க. உங்களுக்குப் பதிலா இவர் போட்டதே செல்லாது."

அப்போதுதான் எலும்பு டாக்டர் வந்தார். கதவுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி நின்றபடியே பேசுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புருஷன்தானே போட்டிருக்காரு, வேற யாரோவா போட்டாரு? ஒரு ஃபாரத்துக்காகத் தள்ளிப்போட முடியுமா? உங்களுக்கு அப்புறம் ரெண்டு கேஸ் இருக்கு."

"தள்ளிப்போடுங்க டாக்டர். அவங்கள முதல்ல முடிச்சிடுங்க. ஒடைஞ்ச கை எங்கயும் ஓடிப்போகாது. அசல் ஃபாரம் வராம நான் இந்தக் கட்டிலவிட்டு நகர மாட்டேன்."

"முழிச்சிருந்தா பயந்துடுவீங்கம்மா. நீங்க அசைஞ்சா எனக்குத்தான் கஷ்டம்."

"இருபத்தாறு வருஷமா நின்னே வேலை செய்யறவ நான். படுத்துக்கிட்டு அசையாம இருக்க முடியாதா?"

வீட்டுக்காரர் குனிந்து, தெருவுக்குக் கேட்காத குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கச் சொன்னார்: "ஏம்மா, எல்லாரும் பாக்கறாங்க. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? நான் போட்டா என்ன, நீ போட்டா என்ன? இதையும் போட்டுட்டேன், விடேன்."

"வேணாங்க" என்றாள். "எனக்காக நீங்க அன்னைக்குப் போட்ட ஒரு கையெழுத்தே போதும்."

கம்பியிலிருந்து அவர் கை இறங்கியது.

"என்னைக்கு?" என்றாள் மகள்.

இப்போது சொல்லப்போவது தெருவுக்குத் தெரியாது. எல்லார் வீட்டுக் காகிதத்தையும் எல்லாருக்கும் சொன்னவள், தன் வீட்டுக் காகிதம் ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். கடை திறந்த முதல் நாள், மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு தாள் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் அடியில் துழாவிக் கையில் கிடைத்ததை எடுத்துவந்தாள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. நான்கு வருடம் மடித்தபடியே கிடந்தது. கண்ணாடிமேல் கவிழ்க்கப் போனவள், முதல்முறையாக ஒரு காகிதத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள். படித்துவிட்டு, பத்துப் பிரதி எடுத்தாள். பத்திலும் அதே வரி இருந்தது. பத்தையும் கிழித்துப்போட்டாள். அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம்.

"நீ பொறந்த அன்னைக்கு" என்றாள் மகளிடம். "வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும்னு முழு மயக்கம் குடுத்தாங்க. நான் கண்ணு முழிச்சப்ப நீ ரெண்டு மணிநேரப் பிள்ள. உன்ன எல்லாரும் தூக்கிப் பாத்தாச்சு, நான்தான் கடைசி. சரி, அது உயிர் விஷயம், அத விடு. கையோட கையா இன்னொரு வேலையும் முடிச்சிருந்தாங்க. இனிமே பிள்ளையே உண்டாகாத மாதிரி. கணவரின் சம்மதத்தின் பேரில். அப்படித்தான் எழுதியிருந்துச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷம் நான் மாசாமாசம் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன், இவரு பாத்துக்கிட்டு இருந்தாரு."

"உனக்கு... உனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

"இருபத்தாறு வருஷமா."

"மூத்தது, இவ, ரெண்டு பிரசவமும் கஷ்டம்... அந்த டாக்டரு, மூணாவதுன்னா உயிருக்கு ஆபத்துன்னு... நீ மயக்கத்துல இருந்த..."

"இருந்தேன். காலையில முழிச்சுத்தானே இருந்தேன்? அதுக்கு முந்தின மாசம் முழிச்சுத்தானே இருந்தேன்? மூணாவது வேணுமா வேணாமான்னு எனக்கே தெரியாதுங்க. கேட்டிருந்தா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா சொல்லியிருப்பேன்ல?"

எலும்பு டாக்டர் கதவுக்கு வெளியே இருந்த பாதியோடு உள்ளே இருந்த பாதியையும் சேர்த்துக்கொண்டார். "அடுத்த கேஸ எடுத்துட்டு வரேன்" என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார். குடலிறக்கக்காரரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அந்த மனிதர், "என் ஃபாரத்துலயும் அந்த ரெண்டு வரி இல்லியா சிஸ்டர்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அசல் வர ஒன்றேகால் மணிநேரம் ஆயிற்று. பதிவேட்டு அறையில், காலண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்களாம், பத்திரமாக இருக்கட்டுமென்று. அத்தனை நேரமும் வீட்டுக்காரர் காலடிப் பக்கத்து நாற்காலியில், எதிரே ரோடு இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். மகள் அவரைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள், போனை எடுப்பாள், வைப்பாள். ஜெராக்ஸக்காவுக்கு ஆறுதலாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. தாகமாக இருந்தது. சொல்லிவிட்டால் ஏதோ இறங்கிவிடும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவள் நெஞ்சிலிருந்து அந்த நாற்காலிக்கு.

புதிய பிரதியில் கீழே இரண்டு வரி இருந்தது. 'எனக்கு விளக்கப்பட்ட மயக்க முறைகளுள் நான் தேர்வு செய்வது.' ஒரு கோடு. 'இதில் மாற்றம் தேவைப்பட்டால், இயன்றவரை முதலில் என்னிடம் கேட்கப்பட வேண்டும்.' ஒரு கட்டம்.

"மருந்து சரியாப் பிடிக்கலைன்னா, முழு மயக்கம் குடுக்க வேண்டி வரலாம்மா" என்றாள் டாக்டர். "அத இப்பவே பேசிக்குவோம்."

"குடுங்க. என்னக் கேட்டுட்டுக் குடுங்க."

"கேட்டுட்டுத்தான்."

"இடது கை ரேகை வெச்சா போதும்மா" என்று நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினாள்.

"ரேகையா? நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையில் பேனாவைப் பிடித்தாள். அட்டை நழுவியது. வீட்டுக்காரர் எழுந்துவந்து அதன் ஓரத்தைப் பிடித்தார். அவள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் எடுக்கும்வரை. பிறகு மாவுக்கட்டு போட்ட கையின் முழங்கையால் அட்டையை அழுத்திக்கொண்டாள். வலித்தது. 'கை மட்டும்' என்று எழுத ஐந்து நிமிடம். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள்போல நின்றன. 'ட்'டின் புள்ளியை அழுத்தி வைத்தாள். பிறகு பெயரை எழுதினாள். தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாத அந்தப் பெயர் கோட்டைத் தாண்டி ஓரம்வரை போயிற்று.

"இதுக்கு ஒரு காப்பி எனக்கு வேணும்" என்றாள். "நேரா வெச்சு எடுக்கச் சொல்லுங்க."

தள்ளுகட்டில் நகர்ந்தபோது மகள் கூடவே நடந்தாள். கதவருகே குனிந்து, "வேணாம்னுதான் சொல்லியிருப்பியாம்மா?" என்றாள்.

"வெளிய வந்து சொல்றேன்."

உள்ளே குளிராக இருந்தது. கழுத்தடியில் பசைபோல ஏதோ தடவி, கருவியை வைத்து அழுத்தினார்கள். டாக்டர் திரையைக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில் ஒரு கொத்து, திராட்சைபோல. "இதுதான் உங்க கைக்குப் போற நரம்பு." சுமாரான பிரதி, இன்னும் கொஞ்சம் இருட்டைக் குறைக்கலாம் என்று ஜெராக்ஸக்காவுக்குத் தோன்றியது. ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் விரல்களில் வெந்நீர் ஊற்றியதுபோலச் சூடு, பிறகு கனம், பிறகு கை இருக்கிறதா என்ற சந்தேகம். மாவுக்கட்டை எடுத்துவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். நெற்றியில் சில்லென்றது. கையில் ஒன்றுமில்லை.

"லேசாத் தூங்குறீங்களாம்மா? சத்தமெல்லாம் வரும்."

"வரட்டும்."

எலும்பு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. "ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார். அவர் இதுவரை யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை என்பது, பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

"இருங்க" என்றாள். "நல்லாப் பாத்துக்கறேன்."

அவள் முகத்துக்கும் கைக்கும் நடுவில் துணியைக் கட்டுவதற்கு முன்னால், நர்ஸ் ஒருத்தி அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். வினோதமாக இருந்தது. கை வயிற்றின்மேல் மடங்கிக் கிடப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு முன்னாலோ அது அந்தரத்தில் நின்றது, விளக்குக்கு நேராக, வீங்கி, மணிக்கட்டில் சற்றே வளைந்து. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற கைபோல. பழுப்பு மருந்தில் தோய்த்த பஞ்சை நர்ஸ் விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டு வந்தாள். கட்டைவிரல் நகக்கண்ணில் நின்றாள். மறுபடி தோய்த்து, அழுத்தித் தேய்த்தாள். இன்னொரு முறை.

"அது மெஷின் மை" என்றாள் ஜெராக்ஸக்கா. "போகாது."

நர்ஸ் தேய்ப்பதை நிறுத்தினாள். விளக்கு வெளிச்சத்தில், மருந்து வழிகிற அந்தக் கை, உயர்த்தியபடியே நின்றது. நகத்தைச் சுற்றி அரைவட்டமாக, கறுப்பாக.